புவியியலை நீக்கத் தூக்கிய கைகள்

2022ஆம் வருடம் ஆனி மாதம் இருநதி கலைக் கல்லூரியின் கல்விக் குழு புவியியல் துறையை மூடுவதற்காகத் தூக்கிய கைகள், கூட்டம் முடிந்த பிறகும் இறங்கவில்லை. உறுப்பினர்கள் முதலில் இதைக் கவனிக்கவில்லை. வடை வந்த பிறகுதான் கவனித்தார்கள். எடுத்துச் சாப்பிட வேண்டிய கை மேலே இருந்தது.

திருவானைக்காவலிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற வழியில் இருக்கும் அந்தக் கல்லூரியில் தீர்மானம் நிறைவேற்றுவதற்கென்று ஒரு பழக்கம் உண்டு. பாடத்திட்ட மாற்றங்கள் எல்லாம் தலையணை கனத்துக்கு அச்சாகி, கூட்டம் நடக்கிற அன்று காலையில்தான் கைக்கு வரும். அதைப் பிரித்துப் படிப்பது முதல்வரை நம்பாததற்குச் சமம் என்பதால் யாரும் பிரிப்பதில்லை. காபிக்கும் வடைக்கும் நடுவில் முதல்வர் பீமராவ் எழுந்து, "பாஸ் பண்ணிடலாமாங்க?" என்பார். கைகள் உயரும். இப்படித்தான் ஒரு வருடம் தாவரவியல் மாணவர்களுக்கு வருமான வரி கட்டாயப் பாடமானது. அவர்களும் குறை சொல்லாமல் எழுதித் தேறி, இன்றைக்குத் துறையூர்ப் பக்கம் ஆடிட்டர் ஆபீஸ்களில் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

இந்த முறை புவியியலை எடுத்துவிட்டு 'தலைமைப் பண்பும் தன்னம்பிக்கையும்' என்று ஒரு பாடத்தை வைத்திருந்தார்கள். கை தூக்காதவர் ஒரே ஒருவர், அந்தத் துறைக்கு இருந்த ஒரே ஆசிரியை அழகம்மாள். பச்சைமலையில் பிறந்தவர். பஸ் வராத ஊரிலிருந்து ஓடை போகிற போக்கைப் பார்த்துக்கொண்டே நடந்து பள்ளிக்கூடம் போனவர், அந்த ஓடை ஏன் அப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளவே புவியியல் படித்தார். துறை போனால் அவருக்கு விடுதிச் சமையலை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு தருவதென்று ஏற்பாடு.

"மலையிலேருந்து நான் படிச்சு இறங்கி வந்தது சாம்பார்ல உப்பு பாக்கவா சார்?" என்று கேட்டார்.

"உப்பும் முக்கியம்தாம்மா" என்றார் பீமராவ். அப்போதே அவர் கை மேலேதான் இருந்தது.

தில்லைநகரில் ஓர் எலும்பு மருத்துவர் அத்தனை பேருக்கும் படம் எடுத்துப் பார்த்தார். கையில் ஒரு கோளாறும் இல்லை, இறக்குவது ஒன்றுதான் பாக்கி என்று சொல்லி அனுப்பினார். ஊர் சீக்கிரம் பழகிக்கொண்டது. டவுன் பஸ்ஸில் எல்லோருமே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் அங்கே மட்டும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த நிம்மதிக்காகவே ஆங்கிலப் பேராசிரியர் சித்தார்த் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி தினமும் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை போய்த் திரும்பினார். பீமராவ் ரோட்டில் நடந்தால் வரிசையாக ஆட்டோக்கள் நின்றன. "எங்க சார் போகணும்?" என்று ஒவ்வொன்றும் கேட்டது. ராஜகோபுரத்தின் எதிரில் ஒரு பட்டர் அவரை வழிமறித்து, "ஒத்தக் கையால சேவிக்கறது எந்த சம்பிரதாயம் ஸ்வாமி?" என்றார். அப்போது வந்து நின்ற ஆட்டோவில் பீமராவ் ஏறிவிட்டார்.

வணிகவியல் தலைவர் நஜிமுதீனுக்குத்தான் கஷ்டம். அவருக்கு இடது கையால் சாப்பிட மனம் ஒப்பாது. பாலக்கரை வீட்டில் மனைவி சுராயா மூன்று வேளையும் ஊட்டிவிட்டார்.

"நிக்காஹ் ஆன புதுசுல ஒரு வாய் ஊட்டவான்னு கேட்டேன், வெக்கமா இருக்குன்னீங்க. இப்ப காலேஜ் சொன்னதும் ஆன்னு வாயைத் தொறக்கிறீங்க."

"நான் என்னம்மா பண்ணுவேன், இறங்க மாட்டேங்குதே."

"எப்படிங்க இறங்கும்? ஒரு பொம்பளை பொழப்புல மண்ணள்ளிப் போட்ட கையாச்சே. என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நஜிமுதீன் அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தார்.

தீர்மானத்தை ரத்து செய்தால் கை இறங்கிவிடும் என்று ஆடியில், அழகம்மாளைக் கூப்பிடாமலே, அவசரக் கூட்டம் போட்டார்கள். ரத்து செய்யலாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் பீமராவ். எல்லாக் கைகளும் ஏற்கனவே தூக்கித்தான் இருந்தன. கூடாது என்பவர்கள் தூக்கலாம் என்றார். அதே கைகள்தான். நடுநிலை வகிப்பவர்களும் அவர்களே. ஆகவே தீர்மானம் ஏகமனதாக ரத்தாகி, ஏகமனதாக நீடிக்கவும் செய்தது. புவியியல் இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாததால், கால அட்டவணையில் அந்த மணிநேரத்தை வெறுமனே விட்டுவைத்தார்கள். அழகம்மாள் அந்த வெறும் நேரத்தில் போய்ப் பாடம் நடத்தினார். வேண்டாம் என்று சொல்வதற்கும் அவர்கள் கை தூக்கித்தானே ஆக வேண்டும்?

கொஞ்ச நாளில் நஜிமுதீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். பஸ்ஸை விட்டால், தூக்கிய கை இயல்பாகத் தெரிகிற இடம் வகுப்பறையின் கடைசி பெஞ்சு. தன் துறைப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்பதால் அழகம்மாள் வகுப்பில் போய் உட்கார ஆரம்பித்தார். முதல் நாளே அழகம்மாள் நிறுத்தி, "சொல்லுங்க சார், என்ன சந்தேகம்?" என்றார்.

"ஒண்ணுமில்லம்மா. நீங்க நடத்துங்க. இது சும்மா இருக்கு."

ஐப்பசி பிறந்தும் அப்படியே போனது. ஒரு நாள் பாடத்தின் நடுவே அவருக்கு உண்மையாகவே ஒன்று தோன்றிவிட்டது.

"ஏம்மா, நானும் சின்ன வயசுலேருந்து ரெண்டு பாலத்தையும் தாண்டுறேன். முக்கொம்புல பிரியறது ஒரே தண்ணிதானே? காவேரியில தண்ணி ஓடுறப்ப கொள்ளிடத்துல மட்டும் ஏன் வருஷத்துல பாதி நாள் மணலாக் கெடக்கு?"

கேட்டு முடித்ததும் அவருடைய கை மெதுவாக இறங்கி மேசைமேல் வந்து உட்கார்ந்தது. நஜிமுதீன் அதைக் கவனிக்கவில்லை. அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். அழகம்மாள் கரும்பலகையில் முக்கொம்பு அணையின் மதகுகளை வரைந்தார்.

"வயலுக்கு வேண்டிய தண்ணிய காவேரிப் பக்கம் விடுவாங்க சார். மிஞ்சுனா கொள்ளிடம். வெள்ளம் வந்தா தாங்குறதுக்குன்னு ஒரு ஆறு வேணும்ல? அதை மத்த நாள்ல காலியா வச்சிருந்தாத்தான் ஸ்ரீரங்கம் தப்பிக்கும்."

அன்றைக்கு ராத்திரி பாலக்கரையில் நஜிமுதீன் தன் கையால் சாப்பிட்டார். சுராயாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மறுநாள் புவியியல் வகுப்பில் மாணவர்களுக்கு இடமில்லை. பேராசிரியர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சித்தார்த் அவசரத்தில், தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றையே சந்தேகம் போலக் கேட்டார். கை இன்னும் ஒரு சாண் மேலே போனது. மலைக்கோட்டை மட்டும் ஊருக்கு நடுவில் எப்படித் தனியாக முளைத்தது என்று கேட்ட பிறகுதான் இறங்கியது. மற்றவர்களுக்கும் அப்படித்தான், நிஜமாகத் தெரியாத ஒன்றைக் கேட்டபோது இறங்கியது. சிலருக்குத் தங்களுக்குத் தெரியாதது எது என்று கண்டுபிடிக்கவே தை மாதம் ஆயிற்று.

அடுத்த கல்விக் குழுக் கூட்டத்தில் அச்சடித்ததைப் பிரித்து வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். தன்னம்பிக்கையில் தோற்றவனுக்கு மறுதேர்வு எப்படி வைப்பது என்று நஜிமுதீன் கேட்டார். வடை ஆறிப் போயிற்று. புவியியல் நீடிக்க வேண்டும் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். பீமராவைத் தவிர மற்றவர்கள் தூக்கிய கையை உடனே இறக்கியும் பார்த்துக்கொண்டார்கள். அழகம்மாளும் தூக்கினார், இறக்கினார்.

பீமராவும் அந்த வகுப்புக்குப் போகாமலில்லை. முதல் பெஞ்சிலேயே ஒரு வருடம் உட்கார்ந்தார். "கேளுங்க சார், எதுவானாலும் கேளுங்க" என்று அழகம்மாள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"எனக்குத்தான் சந்தேகம்னு ஒண்ணு வந்ததே இல்லைங்களேம்மா" என்றார் அவர்.

ஆட்டோக்காரர்கள் இப்போது அவருக்காக நிற்பதில்லை. கல்விக் குழுவில் வாக்கு எண்ணும்போது ஒன்றைக் கழித்துவிட்டு எண்ணுகிறார்கள்.