இலைதான் பாக்கி

நெரெய்தாவுக்கு அந்த மார்ச் மாதத்தோடு பதினெட்டாவது முறையாகப் பதினான்கு வயது ஆனது. ஞானஸ்நானப் பதிவேட்டை இரண்டு தடவை புரட்டிப் பார்த்த பாதிரியார், கணக்கில் பிழையில்லை, தையலில்தான் பிழை என்று சொல்லி ஏட்டை மூடிவிட்டார். தெஹுவாந்தெபெக்கில் எங்கள் பேட்டைக்கென்று ஒரு முறை உண்டு. பதினைந்தாம் பிறந்தநாளில் பெண் உடுத்தும் கறுப்பு வெல்வெட்டில் பூவேலை செய்து தருவதாக ஒருத்தி வாக்குக் கொடுப்பாள். அவளை மத்ரினா என்போம், ஞானத்தாய். அவள் தொட்ட துணியில் வேறொருத்தியின் ஊசி நுழையக் கூடாது. நெரெய்தாவுக்கு அப்படி வாக்குக் கொடுத்தவள் ஒதிலியா. உடை முடியவில்லை, ஆகவே பெண்ணுக்குப் பதினைந்தும் ஆகவில்லை. இதில் வியக்க என்ன இருக்கிறது என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

ஒதிலியா சோம்பேறி இல்லை. அதுதான் கொடுமை. துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வெள்ளைக் கோட்டில் இருபத்து நான்கு ரோஜாக்களை வரையச் செய்து, ஆசையாகத்தான் தொடங்கினாள். இரண்டாவது ரோஜாவில் இருக்கும்போது, மே மாதத் திருவிழாவின் ராணிக்கு உடை தைக்கும் வாய்ப்பு வந்தது. அதை ஊரே பார்க்கும். நெரெய்தாவுக்கு வாங்கி வைத்திருந்த சிவப்புப் பட்டு நூலையும் எடுத்து ராணியின் உடையிலேயே தைத்தாள். கைதட்டல் கிடைத்தது. வெல்வெட் பெட்டிக்குள் போனது.

அதன் பிறகு யார் கேட்டாலும் "இலைதான் பாக்கி" என்றாள். எங்களிடையே இது பொய்க் கணக்கில் சேராது. பூவை முடித்துவிட்டு இலையைக் கடைசியில் தைப்பதுதான் வழக்கம் என்பதால் எந்தப் பூவேலைக்காரியைக் கேட்டாலும் இலைதான் பாக்கி என்பாள். நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி ஒதிலியாவே அதை நம்பிவிட்டாள்.

நெரெய்தாவோடு படித்தவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. அவர்களில் ஒருத்தியின் மகள் வந்து நெரெய்தாவின் பக்கத்திலேயே அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். சொந்தத் தங்கையின் கல்யாணத்தில் நெரெய்தாவைச் சிறுபிள்ளைகள் வரிசையில் உட்கார வைத்துச் சர்பத் கொடுத்தார்கள். அங்கே ஒதிலியாவைக் கண்டதும் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அவசரமே இல்ல மத்ரினா, மெதுவா தைங்க. எனக்கென்ன வயசா ஆகுது?" ஒதிலியா கையிலிருந்த இறாலைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

பெண்ணின் தாய் கந்தெலாரியாவோ ஒரு வார்த்தை கடிந்ததில்லை. ஞாயிறுதோறும் தன் மண் அடுப்பில் சுட்ட சோள அப்பளத்தைத் துணியில் கட்டி ஒதிலியாவுக்கு அனுப்பினாள். திட்டியிருந்தால் தேவலை. அந்த மார்ச் முடிந்ததும் நுரையீரலில் சளி கட்டிப் படுத்தவள், கடைசியாக ஒதிலியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவுடி?" என்று கேட்டாள். ஒதிலியா சொன்னாள்: "இலைதான் பாக்கி." கந்தெலாரியா நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

அடக்கம் முடிந்து வந்த ஒதிலியா பெட்டியைத் திறந்தாள். ஒன்றரை ரோஜா இருந்தது. இலை ஒன்றுகூட இல்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

புதுச் சிவப்பு வாங்கி வந்து வைத்துப் பார்த்தாள். பழைய சிவப்பு வெளுத்திருந்தது. அப்படியே தொடர்ந்தால் எந்த இடத்தில் விட்டாள் என்பது ஒரு கோடு போல நெஞ்சின் நடுவே தெரியும். அந்த மானக்கேட்டை மறைக்கப் பழையதைப் பிரித்துவிட்டு முதலிலிருந்து தைக்கலாம் என்று நாலு தையலைப் பிரித்தாள். தெருவில் காலடி ஓடி வந்தது. நெரெய்தா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். "என்னத்தப் பிரிக்கிறீங்க மத்ரினா? பாவாடை தரையில இழுபடுது. காலையில சரியாத்தான் இருந்துச்சு." ஒதிலியா அந்த நாலு தையலையும் பிரித்தெடுத்த பழைய நூலாலேயே திரும்பப் போட்டாள். பாவாடை கணுக்காலுக்கு ஏறியது. கோடு இருக்கட்டும் என்று முடிவு செய்தாள்.

பிறகு பதினோரு மாதம் வேறு வேலை தொடவில்லை. ஒரு பூ முடிந்தால் நெரெய்தா ஓர் அரிசி அளவு வளர்ந்தாள். கடைசி இலை ஒரு வியாழக்கிழமை முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை பெண்ணுக்குப் பதினைந்து. பாதிரியார் ஏட்டில் எழுதிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

குருத்தோலை ஞாயிறன்று நாங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பூ வைத்து, செத்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவோம். நெரெய்தா புது உடையில் வந்தாள். வெளுத்த சிவப்பும் புதுச் சிவப்பும் நெஞ்சின் நடுவில் பிரிந்து நின்றன. குருடர்கூடத் தடவிச் சொல்லிவிடலாம். ஒதிலியா தலையைக் குனிந்துகொண்டு ஓரமாகப் போகப் பார்த்தாள்.

"அம்மாகிட்ட நீங்க சொன்னத, நீங்களே மாத்திச் சொல்லுங்க" என்றாள் நெரெய்தா. கோபமாகச் சொல்லவில்லை.

ஒதிலியா கல்லறை முன் மண்டியிட்டாள். "கந்தெலாரியா, உன்கிட்ட இலைதான் பாக்கின்னு சொன்னேன். ஒண்ணரை ரோஜாதான்டி தச்சிருந்தேன். நீ சாகும்போதும் பொய் சொன்னேன்." காற்று நின்றிருந்ததால் நாலு வரிசைக்குக் கேட்டது. இறால் உரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். பூவேலை செய்கிற நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லார் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கிறது.

நெரெய்தா துணியை அவிழ்த்து, தாயின் அடுப்பில் தானே சுட்ட சோள அப்பளத்தை நீட்டினாள். "சாப்பிடுங்க மத்ரினா. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை." ஒதிலியா வாங்கிக்கொண்டாள். அது உப்புக் கரித்தது.

அடுத்த மார்ச்சில் நெரெய்தாவுக்குப் பதினாறு வயது ஆனது. சந்தையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.