பொங்கியண்ணன் வாசலில் நாலாயிரம் நிழல்

எருத்தேன்பதி பொங்கியண்ணன் வாசலில் இரண்டு வருடமாக வெயில் விழுவதில்லை. சுற்றியுள்ள தோப்புகளில் உச்சிவெயில் மண்டையைப் பிளக்கும்போது, அவர் வீட்டுக் கோழிகள் மட்டும் பொழுது சாய்ந்ததென்று போய் அடைந்துகொள்ளும்.

காரணம் ஊருக்கே தெரியும். 'கூட்டாளி' என்றொரு செயலி வந்தது. பேஸ்புக் மாதிரிதான், ஆனால் ஒரே முதலாளி கிடையாது. யார் வேண்டுமானாலும் வீட்டில் ஒரு சர்வர் வைத்து ஆள் சேர்க்கலாம், எதில் சேர்ந்தாலும் எல்லாரோடும் பேசலாம். சேர்ந்தவரின் நிழல் அந்த சர்வர் இருக்கும் வாசலில் போய் விழும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் பக்கத்தில் பொங்கியண்ணன் மாட்டுக்கொட்டாயில் ஒன்று வைத்தார். எலப்புள்ளி பலசரக்குக்கடை பரீது ஒன்று வைத்தார். ஆளுக்கு முப்பது நாற்பது நிழல். கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் படுக்க வாகாகத்தான் இருந்தது.

வம்பு புதிதாக வருகிறவர்களால் வந்தது. செயலியைத் திறந்ததும் எந்த சர்வர் என்று கேட்கும். கல்யாண வீட்டில் காப்பியா டீயா என்றாலே "நீங்களே பாத்து ஏதோ ஒண்ணு குடுங்க" என்கிற ஜனம் இது; பாதிப் பேர் அந்தக் கேள்வியிலேயே போனை மூடிவிட்டார்கள். சரி, கேட்காமலே ஒன்றில் டிக் போட்டு வைப்போம் என்று சர்வர்காரர்கள் இருவரும் உட்கார்ந்து பேசினார்கள்.

"ஒருத்தருக்கு உங்களுது, அடுத்தவருக்கு என்னுது. ஒரே வாசல்ல எல்லாத்தையும் கொட்டாதீங்கண்ணா" என்றார் பரீது.

பொங்கியண்ணனுக்கு அது பொறாமையாகப் பட்டது. மகள் கல்யாணத்துக்கு எத்தனை கார் வந்தது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிற மனிதர். "முதல்ல வெச்சது நானுங்க. டிக் என்னுதுலதான்" என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினார்.

ஆறு மாதத்தில் நாலாயிரம் நிழல். ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து முழங்கால் உயரத்துக்குக் கெட்டிப்பட்டன. களத்தில் காயப்போட்ட கொப்பரை பூஞ்சணம் பிடித்தது. அந்த வீட்டுக்குப் பிழைப்பே கொப்பரைதான். கிருஷி பவன் விவசாய ஆபீசர் வந்து, டார்ச் அடித்துப் பார்த்து, 'மேகமூட்டம்' என்று எழுதிக்கொண்டு போனார். ஒரு பட்டனை அழுத்தினால் பரீது சர்வருக்கு மாறிவிடலாம் என்று பொங்கியண்ணன் எல்லாருக்கும் செய்தி அனுப்பினார். "இருக்கட்டுங்க, நமக்கு இங்கயே ஒண்ணும் தொந்தரவில்லீங்களே" என்று எல்லாரும் பணிவாகப் பதில் போட்டார்கள்.

"ஏனுங்க, அந்த டிக்கை எடுங்க. இல்லீன்னா கொப்பரைய உங்க தலைமேல காயப்போடறேன்" என்றார் அவர் மனைவி ஜானகியம்மாள். டிக்கை எடுத்தால் ஊர் என்ன சொல்லும்? பொங்கியண்ணன் எடுக்கவில்லை. மறுநாள் ஜானகியம்மாள் தன் போனில் பட்டனை அழுத்திவிட்டு, கொப்பரை மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எலப்புள்ளிக்குப் போனார். அவருடைய நிழல் முன்னாடியே பரீது வாசலில் போய்க் காத்திருந்தது. அதுவரை மாறியது அவர் ஒருவர்தான்.

இப்போது பொங்கியண்ணனும் தினம் காலையில் பஸ் ஏறி எலப்புள்ளிக்குப் போய், பரீது கடை மொட்டைமாடியில் கொப்பரையைத் திருப்பிப் போடுகிறார். அந்த வெயிலில் அவர் காலடியில் நிழல் கிடையாது. அது வீட்டில், முதலில் விழுந்த பாவத்துக்கு, எல்லாவற்றுக்கும் அடியில் நசுங்கிக் கிடக்கிறது. டிக் இன்னும் அவர் சர்வரில்தான். போன வாரம் மட்டும் எழுபது பேர் வந்தார்களாம். திரும்பி வரும் பஸ்ஸில், பக்கத்து சீட்டுக்காரர் கேட்காமலே அவரே சொன்னார்.