பொடி இருமல்

விடியுமுன்னே ஆரியங்கோட்டு முந்திரி ஆலையில், அண்டியாபீசில், இருபது கத்திகள் ஓடத் தொடங்கிவிட்டன. முந்திரிப்பருப்பின் தொலியைச் சுரண்டச் சுரண்டச் சிவந்த பொடி எழும்பி மூக்கிலும் தொண்டையிலும் அப்பும். இருமாதவள் அங்கே வேலைக்காரியே இல்லை. ‘பொடி இருமல்’ என்று பேரும் வைத்துத் தொலைத்திருந்தார்கள்.

போன வாரம் குமாரி காய்ச்சலோடு இருமியபோது பக்கத்திலிருந்த ஆனந்தபாய்தான் சொன்னாள்: “பொடியாக்கும் மக்கா, சுக்குக்காப்பி குடி.” ஆறாம் நாள் மெடிக்கல் காலேஜில் குமாரி செத்துப்போனாள். இன்ஃப்ளூயன்சா என்றார்கள். அன்றிலிருந்து ஆனந்தபாய்க்குச் சோறு இறங்கவில்லை.

இன்று பின்சி, ஏழு மாத வயிற்றுக்காரி, சுவரில் சாய்ந்துவிட்டாள். நேற்றுச் சாயங்காலம் சிரித்துக்கொண்டு போன பெண். ஆனந்தபாய் தொட்டுப் பார்த்தாள்; நெற்றி கொதித்தது.

“எலும்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குக்கா.”

முதலாளி ஜெயசிங் வந்தார். “என்ன கூட்டம்? சளியாக்கும். இருந்து வேலையப் பாருங்க.”

“சளி மூக்கொழுகி மெல்ல மெல்ல வரும் முதலாளி. இது ஒரே ராத்திரியில ஆளச் சாய்ச்சிருக்கு” என்றாள் ஆனந்தபாய்.

“நீ எப்பம் டாக்டரானா?”

“டாக்டரு மாதிரி பேசித்தானே குமாரியக் குழியில தள்ளினேன்!” ஆனந்தபாய் பின்சியின் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை. “பொடி இருமலும் இந்தக் காய்ச்சலும் கண்ணால பாத்தா ஒண்ணுதான். மூக்குல குச்சி விட்டுப் பாத்தாத்தான் தெரியும். வயித்துப்பிள்ளக்காரிக்கு ரிசல்ட்டுக்குக்கூடக் காக்காம மருந்து குடுப்பாங்கண்ணு வீடு வீடா வாற சுகாதாரக்காரி, ஆஷா ரேஷ்மி சொன்னா. ரெண்டு நாளு தாண்டினா மருந்து சரியாப் பிடிக்காதாம்.”

“நாளைக்கு லாரியில லோடு கேறணும். வாசல் தாண்டுறவ திரும்ப வராண்டாம்.”

ஆனந்தபாய் வாசலைப் பார்த்தாள். பக்கத்து அண்டியாபீஸ் இரண்டும் பூட்டிக் கிடக்கின்றன; வேறு எங்கே போவாள்? ஆனாலும் பின்சியின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

பின்வரிசையில் சுமி கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள். “எனக்கும் இருமல் உண்டு. பொடியோ என்ன எழவோ, எனக்கும் குச்சி விடட்டு.”

“எனக்கும் உண்டு.” “எனக்குந்தான்.” ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள்.

“எல்லாவளுக்கும் ஒண்ணிச்சுக் காய்ச்சலா?” ஜெயசிங் கத்தினார்.

“தெரியாது முதலாளி. தெரிஞ்சிட்டு வாறோம்” என்றாள் சுமி.

அவர்கள் வெளியே வந்ததும் ஜெயசிங் பின்னாலேயே கேட்டைப் பூட்டினார். பின்சிக்கு மூச்சு வாங்கியது. பிழைப்பாளா, நாளைக்கு அடுப்பெரியுமா, ஒருத்திக்கும் தெரியாது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, பின்சியின் நடைக்குத் தக்கபடி மெதுவாக, எல்லோரும் ஆஸ்பத்திரியைப் பார்த்து நடந்தார்கள்.