தலைவர் தின்ற புத்தகம்

தேசிய நூலகத்தின் ஆட்சிக்குழுத் தலைவர் முதல் புத்தகத்தைத் தின்றது கூட்டத்தின் தேநீர் இடைவேளையில். பிஸ்கட் தீர்ந்துபோயிருந்தது. அட்டையைப் பிய்த்துத் தட்டில் வைத்துவிட்டு, மீதியைத் தேநீரில் தோய்த்து மென்றார். முன்பு சிமெண்ட் ஏஜென்சி நடத்தியவர். அமைச்சரின் மச்சான் என்பதைத் தவிர நூலகத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அலமாரிகளில் இடமில்லை என்று தலைமை நூலகரம்மா வருடக்கணக்காக மன்றாடிக்கொண்டிருந்தார். புதுக் கட்டடத்துக்கு வந்த பணம் கூட்ட அறையின் பளிங்குத் தரையாகவும் தலைவரின் காராகவும் மாறிவிட்டதால், தின்பதே தீர்வு என்று குழு ஏகமனதாக முடிவு செய்தது. வெட்கங்கெட்ட கூட்டம், கைதட்டவும் செய்தது. மற்ற உறுப்பினர்களும் கடித்துப் பார்த்தார்கள், வயிற்றைக் கலக்கியது. தலைவருக்கு மட்டும் எல்லாம் செரித்தது. தாடையில் மையும் எச்சிலும் வழிய அவர் கையெழுத்துப் போடுவதை ஊழியர்கள் குமட்டலை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

இரண்டாம் வருடம், தின்றதெல்லாம் அவர் தோலில் எழுத்தெழுத்தாக வெளிவந்தது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டார். குழு அதையும் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாம் வருடம் ஒரு நர்ஸ் வந்தாள். அவளுடைய அக்கா ஒரே ஒரு புத்தகம் எழுதிவிட்டு இறந்துபோனவள். எழுதிய காலத்தில் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கடைசிப் பக்கம் முழுக்கத் தங்கையைப் பற்றித்தான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வீட்டிலிருந்த பிரதிகளை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அச்சாகும் எதிலும் ஒன்றை நூலகத்துக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம் என்பதால் இங்கே ஒன்று மிஞ்சியிருந்தது, போன வாரம் வரை.

"தலைவர் சாப்பிட்டுட்டாரும்மா," என்றார் நூலகரம்மா. சொல்லவே அவருக்கு நாக்கு கூசியது. "ஆனா இருங்க. சட்டம் இன்னும் உயிரோடதான் இருக்கு."

ஒற்றைப் பிரதி கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது; அந்தப் பிரதி இப்போது தலைவரின் தோல்தான். கேட்பவர் எவருக்கும் வாசிப்பறையில் காட்ட வேண்டும். அன்று மாலை காரில் ஏறப் போன தலைவரைக் காவலாளி வாசலிலேயே மறித்துவிட்டார். அமைச்சர் தொலைபேசியில் கத்தினார். விதியை மாற்றக் குழு கூட வேண்டும், குழு கூடத் தலைவர் வேண்டும், நூலகத்தின் உடைமை ஒன்று கூட்டத்துக்குத் தலைமை தாங்க முடியாது என்று நூலகரம்மா பதில் சொன்னார். அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை. தலைவருக்கு வாசிப்பறையில் ஒரு மேசையும், பூச்சி வராமல் மருந்தும் கொடுக்கப்பட்டன.

மறுநாள் காலை நர்ஸ் அவரைச் சட்டையைக் கழற்றச் சொன்னாள். வயிறு, முதுகு, மடிப்பு மடிப்பாகத் தொங்கிய கழுத்து என்று தேடினாள். கடைசிப் பக்கம் இடது அக்குளில் இருந்தது. ஆஸ்பத்திரியில் அழுகிய புண்களை அலட்டிக்கொள்ளாமல் கழுவிப் பழகியவளுக்கு அந்த நாற்றத்தில் குடலே வாய்க்கு வந்தது. முந்தானையை மூக்கில் கட்டி, ஈரப் பஞ்சால் வியர்வையை ஒற்றிவிட்டுப் படித்தாள். அக்கா வஞ்சனையில்லாமல் திட்டியிருந்தாள். தங்கை சிரித்தாள், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"கூசுதும்மா," என்று நெளிந்தார் தலைவர்.

"கையை இறக்காதீங்க. அவ இன்னும் என்னைத் திட்டி முடிக்கலை."