ஸ்கேல் அக்கா பிரித்த படகு

நூலகத்தின் மாடி அறையில் சனிக்கிழமைதோறும் கூடி ஒட்டுப்போர்வை தைக்கிற பன்னிரண்டு பேருக்கு விதிகள் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஸ்கேல் அக்கா தாமாகவே எழுதிச் சுவரில் ஒட்டினார். முப்பத்தொரு வருடம் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்; வெறும் சுவரைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும். கைப்பையில் எப்போதும் ஓர் இரும்பு ஸ்கேல் இருக்கும். அங்குலத்துக்குப் பத்துத் தையல் விழுந்திருக்கிறதா என்று அதை வைத்து அளந்துவிட்டு, "எட்டு" என்று சொல்லி நகர்ந்துவிடுவார். அந்தப் பெயர் மரியாதையாக வைத்தது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

விதி ஒன்று: கைத்தையல் மட்டும். இரண்டு: தைத்த கட்டத்தைப் பெயர் எழுதாமல் பிஸ்கட் டப்பாவில் போடவேண்டும், யாருடையது உசத்தி என்ற பேச்சு வரக்கூடாது. மூன்று: அடுத்தவர் தையலில் யாரும் கத்தரி வைக்கக்கூடாது. மூன்றாவதற்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.

இத்தனையையும் மீறி அந்த அறை சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒருத்தியின் பழைய திரைச்சீலை இன்னொருத்தியின் கட்டத்தில் வானமாகும். கணவரின் சட்டைக் காலர் யாரோ தைத்த பூனைக்கு வாலாகும். வாரம் முழுக்க மெஷினை மிதிக்கும் டெய்லர், சனிக்கிழமையும் ஊசியும் கையுமாக வந்து உட்காருவார். கேட்டால், அது வயிற்றுக்கு, இது எனக்கு என்பார். வாய்க்கும் கைக்கும் ஒரே நேரத்தில் வேலை கிடைக்கிற இடம் ஊரில் அது ஒன்றுதான்.

இந்த முறை போர்வை, குழுவில் இருக்கும் நர்ஸ் வேலை பார்க்கிற குழந்தைகள் வார்டுக்கு. முப்பது கட்டங்களை இணைக்கும் பொறுப்பை ஸ்கேல் அக்கா யாரும் கொடுப்பதற்கு முன்பே வாங்கிக்கொண்டார். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் டப்பாவைக் கவிழ்த்தார். இருபத்தொன்பது தேறின. முப்பதாவது, வெள்ளைப் புள்ளி போட்ட நீலத் துணியில் ஒட்டித் தைத்த மஞ்சள் படகு. சிவப்பு நூல், மழையில் வழி தவறிய எறும்புகள் மாதிரி போயிருந்தது. ஒரு தையல் அரை அங்குலம், அடுத்தது கடுகளவு. ஸ்கேலை வைத்தார். அங்குலத்துக்கு மூன்றுகூட இல்லை.

போர்வையை வாங்கிக்கொள்ள வார்டின் பெரிய டாக்டர் வருகிறார். அழைப்பிதழில் 'ஒருங்கிணைப்பாளர்' என்று தம் பதவியைக் கொட்டை எழுத்தில் போட்டாயிற்று. இந்தப் படகை வைத்துக்கொண்டு அவர் முகத்தில் எப்படி விழிப்பது? மூன்றாவது விதி நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் விதி எழுதியவருக்கு அதன் உட்பொருள் தெரியுமல்லவா? இது பிரிப்பதல்ல, திருத்துவது. அலுவலகத்தில் எத்தனை கோப்புகளை இப்படித் திருத்தியிருக்கிறார். கத்தரியை எடுத்தார். படகு மறுபடி மிதந்தபோது அங்குலத்துக்குப் பத்து, பிசகில்லை. பிரித்த சிவப்பு நூல் துணுக்குகளை, எதையும் வீணாக்காத பழக்கத்தால், ஒரு காகிதத்தில் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஒப்படைக்கும் சனிக்கிழமை மேசைமேல் போர்வை விரிந்து கிடந்தது. பெரிய டாக்டர் முன்வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'நேர்மையான தையல்' என்ற தலைப்பில் ஸ்கேல் அக்கா தம் உரையின் எட்டாவது நிமிடத்தில் இருந்தபோது கதவு திறந்தது. நர்ஸின் தோளைப் பிடித்தபடி, பேக்கரி நடத்தும், குழுவின் பன்னிரண்டாவது ஆளான பேக்கரி அக்கா வந்தாள். பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு, ஏழு மாதம் கழித்து இப்போதுதான் படியேறுகிறாள். டெய்லர் எழுந்து தம் நாற்காலியைப் போட்டார்.

அவள் உட்காரவில்லை. நேரே போர்வைக்குப் போனாள். தானும் ஒரு கட்டம் தைத்து நர்ஸ் கையில் கொடுத்தனுப்பியதாகவும், விதிப்படி பெயர் எழுதவில்லை என்றும் சொன்னாள். இடது கையால் தைத்த முதல் வேலை, படகு.

நீலக் கட்டத்தைக் கண்டுபிடித்ததும் அறையே கை தட்டியது. இடது கையில் இப்படியா, மெஷின் தோற்றது என்றார் டெய்லர். பெரிய டாக்டர்கூட எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

பேக்கரி அக்கா மட்டும் இடது கையால் படகைத் தடவிக்கொண்டே இருந்தாள். முகம் மெல்லச் சுருங்கியது.

"துணி என்னுதுதான், ஏப்ரன்ல வெட்டினது. தையல் என்னுது இல்லையே," என்று நர்ஸிடம் தணிந்த குரலில் சொன்னாள். "நான் கோணலாத்தானே தச்சேன்? அம்பத்திரண்டு தையல். இல்ல, அதுவும் நானா நெனச்சுக்கிட்டதா? எனக்கு வைத்தியம் பாத்த டாக்டர் மறதி வரலாம்னு சொன்னாரே. வந்துடுச்சா?"

ஸ்கேல் அக்காவின் கையில் உரையின் மீதி நான்கு பக்கம் இருந்தது. வாயை மூடிக்கொண்டால் போதும். கைதட்டல் பேக்கரிக்கு, போர்வை வார்டுக்கு, பெயர் தமக்கு. எல்லாம் சரியாக முடியும். அந்தப் பெண் மட்டும் தன் மூளை கழன்றுவிட்டது என்று நம்பி வீட்டுக்குப் போவாள்.

முப்பத்தொரு வருடத்தில் தவறு என்றால் அது எப்போதும் கீழே இருப்பவருடையது. தம் தவறைச் சொல்ல அவரிடம் ஒரு வாக்கியம்கூடத் தயாராக இல்லை.

"மறதி இல்லம்மா," என்றார். "நான்தான் பிரிச்சேன்."

டெய்லர் சுவரைப் பார்த்தார். அவர் பார்த்த இடத்தில் சிவப்புக் கோடு இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. பெரிய டாக்டர் முதல்முறையாகக் கடிகாரத்தை மறந்திருந்தார்.

ஸ்கேல் அக்கா கைப்பையைத் திறந்தார். ஸ்கேல் முதலில் வந்தது. அவசரமாக உள்ளே தள்ளினார். பிறகு காகித மடிப்பை மேசைமேல் வைத்தார். சிவப்புத் துணுக்குகள் சிதறின. பேக்கரி அக்கா விரலால் அவற்றை ஒதுக்கி ஒதுக்கி, உதடு அசைய எண்ணினாள். நடுவில் நிறுத்திவிட்டு நீண்ட மூச்சு விட்டாள். முகத்தில் இரத்தம் திரும்பியது.

"அப்போ எனக்கு ஒண்ணும் ஆகல," என்றாள். பிறகு ஸ்கேல் அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். "அவ்வளவு கேவலமாவா இருந்துச்சு?"

ஸ்கேல் அக்கா சிதறிய துணுக்குகளைக் காகிதத்துக்குள் ஒதுக்கினார்.

"சரி, உங்க தையலைப் பிரிங்க. இன்னொரு தடவை தச்சுக்கறேன். ஒரு கையால ஊசி கோக்க முடியாது. நீங்கதான் கோத்துக் குடுக்கணும்."

அங்குலத்துக்குப் பத்துத் தையல்காரர் தம் தையலை எல்லார் முன்னிலையிலும் ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிறகு நூலை ஈரப்படுத்தி ஊசிக் காதில் விட்டார். நழுவியது. மறுபடி விட்டார். விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பதினொரு பேரும் பெரிய டாக்டரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மெதுவா கோத்துக் குடுங்கக்கா," என்றாள் பேக்கரி அக்கா, துணியை இடது கையால் நீவியபடி. "நான் ஏழு மாசம் பழகினேன்."