கிணற்றுக் கயிறும் குடித்தனக்காரியும்

லூர்துராணிக்குக் கதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிற கிறுக்கு கல்யாணத்துக்கு முன்பே பிடித்துவிட்டது. கொடைக்கானல் ஏரிக்கரையில் காதலர்கள் பிரிவார்கள், ஊட்டி ரோஜாத் தோட்டத்தில் சேருவார்கள். எழுதினவளோ திண்டுக்கல்லைத் தாண்டிப் போனவள் இல்லை. போன வேகத்தில் கதைகள் எல்லாம் திரும்பி வந்தன. ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கிளார்க்காக இருந்த அவள் புருஷன் தைரியராஜ், உன் சரக்கு ஒண்ணுதான் அனுப்பினவங்க கைக்கே பத்திரமா வந்து சேருது என்று கிண்டலடிப்பான். அவளும் சிரித்துவிட்டு அடுத்த கதையை ஆரம்பித்துவிடுவாள். ரோஷமெல்லாம் பார்த்தால் எழுத முடியுமா?

அவர்கள் பாலக்கரையில் செல்லக்கிளியம்மாள் வீட்டில் ஒண்டுக் குடித்தனம் இருந்தார்கள். பின்கட்டில் வரிசையாக நாலு போர்ஷன். முன்கட்டில் வீட்டுக்காரம்மா தனியாக. புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, ஒரே மகன் பம்பாயில். கல்யாணமாகி வந்ததிலிருந்து சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாறியே அலுத்துப்போனவள் லூர்துராணி. இந்த வீடு அவளுக்கு மாதாவே பார்த்துக் கொடுத்த மாதிரி. கோயில் பக்கம், மகள் படிக்கிற ஸ்கூல் பக்கம், வாடகை கைக்கு அடக்கம். செத்தாலும் இந்த வீட்டை விடுவதில்லை என்று சகாய மாதாவிடம் சொல்லி வைத்திருந்தாள்.

ஒரே ஒரு இம்சை, கிணற்றுக் கயிறு. காலைப் புழக்கம் முடிந்ததும் செல்லக்கிளியம்மாள் ராட்டினத்திலிருந்து கயிற்றை உருவிச் சுருட்டித் தன் அறைக்குள் கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிடுவாள். அதற்குமேல் ஒரு வாளித் தண்ணீர் வேண்டுமென்றாலும் முன்கட்டுக் கதவைத் தட்ட வேண்டும். இன்றைக்கு என்ன குழம்பு, பிள்ளைக்கு இருமல் நின்றதா, ஊரிலிருந்து யார் வந்தது என்று எல்லாம் விசாரித்து முடித்துத்தான் கயிறு கைக்கு வரும். கஞ்சத்தனம் என்று நாலு போர்ஷனும் முதுகுக்குப் பின்னால் கரித்துக் கொட்டியது.

எழுபத்தொன்பதாம் வருஷம், பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். மகள் படிக்கிற ஸ்கூலுக்கு முசிறியிலிருந்து மாற்றலாகி வந்த அமலராணி டீச்சர், புத்தூரில் ஒரு வீடு பார்க்கத் துணைக்கு வாங்கக்கா என்று லூர்துராணியைக் கூப்பிட்டாள். வீடு பளிச்சென்று இருந்தது. டீச்சர் அப்போதே அட்வான்ஸ் கொடுக்கப் பர்ஸைத் திறந்துவிட்டாள். லூர்துராணி அவள் கையைப் பிடித்து அமுக்கினாள். சுவரில் இடுப்பு உயரம் வரைக்கும் புதுச் சுண்ணாம்பு, அதற்கு மேலே பழசு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெள்ளம் வந்தபோது தண்ணீர் எதுவரைக்கும் நின்றது என்று அந்தச் சுவரே சொல்லிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் தெருமுனையில் இருந்த தையல்காரரிடம் போய், இந்த வீட்டில் கடைசியாக இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்டாள். அவர் மிஷினை நிறுத்திவிட்டு மொத்தக் கதையையும் சொன்னார்.

"எப்படிக்கா இதெல்லாம் தெரியுது உங்களுக்கு?" என்று டீச்சர் வாயைப் பிளந்தாள்.

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. பஸ்ஸில் வந்தபோதும், ராத்திரிச் சோற்றை வடித்தபோதும் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எப்படித் தெரியும்? பட்டுத் தெரிந்ததுதான். கோடையில் கிணற்றை எட்டிப் பார்க்காமல் குடிபோய் ஒரு வருஷம் நாக்கு வறண்டது. மத்தியானத்தில் போய்ப் பார்க்காததால் மேல்கூரைத் தகரம் கொதிப்பது தெரியாமல் போனது. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக்காரர் சிரித்த முகமாக உட்காரவைத்து மோர் கொடுத்தார், பேரைக் கேட்டார், லூர்துராணி என்று சொன்னதும் வீடு ஏற்கெனவே பேசியாகிவிட்டது என்றார். கொடைக்கானலைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. வாடகை வீட்டைப் பற்றியோ, ஒரு வாத்தியாருக்குப் பாடம் எடுக்கிற அளவுக்குத் தெரிந்திருக்கிறது! தலையில் இத்தனையையும் சுமந்துகொண்டு ஊட்டி ரோஜாவைத் தேடி அலைந்தோமே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

வாடகை வீடு பார்ப்பது எப்படி என்று எழுதினாள். 'ஒரு குடித்தனக்காரி' என்று புனைபெயர் போட்டு மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினாள். அது திரும்பி வரவில்லை. அச்சாகி வந்தது. கூடவே, இந்த மாதிரி இன்னும் எழுத முடியுமா என்று ஆசிரியர் கேட்டிருந்தார். முடியுமாவா! ஊருக்கு ஊர் மாற்றலாகிப் போகிற ஜனங்கள் எத்தனை பேர், அத்தனை பேரும் வீடு தேடித்தானே ஆகவேண்டும்? லூர்துராணி காந்தி மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போனால்கூட, மூட்டை தூக்குகிறவரிடம் அவர் குடியிருக்கிற வீட்டைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் வந்தாள். வாரம் தவறாமல் எழுதினாள். போஸ்ட்மேன் பிச்சமுத்து மணியார்டரைக் கொண்டுவந்து வாசலில் நின்று அவள் பேரைச் சொல்லிக் கூவுவார். செல்லக்கிளியம்மாள் கதவோரம் நிற்பாள். மெட்ராஸில் இருக்கும் தம்பி அனுப்புகிறான் என்று லூர்துராணி சமாளிப்பாள். அவளுக்குத் தம்பியே கிடையாது. தைரியராஜ் கிண்டலை நிறுத்திக்கொண்டான். ராத்திரி அவள் எழுத உட்கார்ந்தால் பாத்திரத்தை அவனே கழுவி வைத்தான்.

அந்தப் பத்திரிகை அந்த வீட்டுக்கு ஒரு பிரதிதான் வரும். வாங்குகிறவள் செல்லக்கிளியம்மாள். அவள் படித்து முடித்த பிறகு போர்ஷன் போர்ஷனாகச் சுற்றும். குடித்தனக்காரி பக்கத்தை அவள் முதலில் படிப்பாள், படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரிப்பாள். ஒன்பது மணிக்கு மெயின் சுவிட்சை அணைக்கிற வீட்டுக்காரியைப் பற்றி வந்த வாரம், இது அப்படியே ஸ்ரீரங்கத்தில் இருக்கிற என் நாத்தனார்தான் என்று எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாள். லூர்துராணியும் சேர்ந்து சிரித்தாள்.

வெட்ட வெட்ட ஊறுவதற்கு அவள் தலை என்ன காவேரி மணலா? மழை தொடங்குகிற சமயத்தில் பழைய வீடுகள் எல்லாம் தீர்ந்துபோயின. மிச்சம் இருந்தது குடியிருக்கிற வீடுதான். அதில் எழுதத் தகுந்தது அந்தக் கயிறுதான். வேண்டாம் என்று ஒரு மனசு சொன்னது. தெரிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான், பாதிப் படிப்பில் மகளை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்றது. இன்னொரு மனசோ, அவள்தான் எதைப் படித்தாலும் நாத்தனார் என்கிறாளே, இதையும் அப்படித்தான் சொல்லப்போகிறாள் என்றது. சொல்வாளா, மாட்டாளா என்று பார்த்துவிடுகிற ஆசையும் உள்ளே அரித்தது. கடைசியில் எழுதிவிட்டாள். வீடு பார்க்கப் போனால் முதலில் ராட்டினத்தைப் பாருங்கள், அதில் கயிறு இல்லையென்றால் அது யார் அறையில் தூங்குகிறது என்று கேளுங்கள் என்று ஆரம்பித்தாள். ரொம்ப நன்றாகவும் அமைந்துவிட்டது, பாழாய்ப் போனது.

பத்திரிகை வந்த அன்று முன்கட்டில் சிரிப்புச் சத்தமே கேட்கவில்லை. பத்திரிகையும் சுற்றுக்கு வரவில்லை. மறுநாள் காலைப் புழக்கம் முடிந்து வெகுநேரமாகியும் கயிறு ராட்டினத்திலேயே தொங்கியது. அதற்கு மறுநாளும் தொங்கியது. பின்கட்டில் ஒரே கொண்டாட்டம். இஷ்டத்துக்கு இறைத்தார்கள், இஷ்டத்துக்குத் துவைத்தார்கள். லூர்துராணி மட்டும் முன்கட்டுப் பக்கமே போகாமல் பின்வாசல் வழியாகப் போய் வந்தாள். ராத்திரி தைரியராஜிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன், வேறு வீடு பார்க்க வேண்டியிருக்கும், உனக்குத்தான் வீடு பார்க்கத் தெரியுமே என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திரும்பியபோது வீட்டுக்காரம்மா கூப்பிட்டு அனுப்பினாள். உள்ளே பத்திரிகை மடித்து ஜன்னல் மேல் வைக்கப்பட்டிருந்தது. லூர்துராணி நின்றாள். உட்காரச் சொன்ன பிறகும் நின்றாள்.

"காலி பண்ணச் சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்" என்றாள் செல்லக்கிளியம்மாள். "முதல் மணியார்டர்லயே எனக்குத் தெரியும். இல்லாத தம்பி எங்கேருந்துடி பணம் அனுப்புவான்? அதுவும் குடித்தனக்காரி பக்கம் வர ஆரம்பிச்ச அதே சமயத்துல? ஊர்ல உள்ள வீட்டுக்காரிங்களையெல்லாம் நீ கிழிச்சப்ப நான்தான் முதல்ல சிரிச்சேன். நம்ம வீட்டுப் பொண்ணு எழுதுதேன்னு பெருமையா இருந்துச்சு."

லூர்துராணி, மன்னிச்சிடுங்கம்மா என்று ஏதோ முனகினாள்.

"தையக்காரன்கிட்ட கேளு, பால்காரன்கிட்ட கேளுன்னு எழுதுற. கயித்தை ஏன் எடுத்து வைக்கிறேன்னு என்கிட்ட ஒரு நாளாச்சும் கேட்டியா?"

அவள் கேட்டதில்லை. எவளும் கேட்டதில்லை.

செல்லக்கிளியம்மாள் கிணற்றடிப் பக்கம் பார்த்தாள். "கயிறு அங்கேயே கெடக்கு, நாலு நாளாச்சு. இந்தக் கதவ எவளாவது தட்டினீங்களா? உன் பிள்ளைக்கு இருமல் நின்னுச்சா இல்லையான்னுகூட எனக்குத் தெரியல. கயிறு இங்க இருந்தாத்தானே நீங்க வருவீங்க?"

லூர்துராணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது. ஊர் முழுக்க வீடுகளை மோப்பம் பிடித்து எழுதினவளுக்கு, பத்தடி தூரத்தில் இருந்த இந்த அறை தெரியவில்லை.

நின்னுடுச்சும்மா, இருமல் இப்போ இல்லீங்க என்று மட்டும் சொன்னாள். பிறகு இன்றைக்கு என்ன குழம்பு வைத்தாள் என்று சொன்னாள். கேட்காமலே தைரியராஜ் ஆபீஸ் கதை, மகள் மார்க் வாங்கிய கதை எல்லாவற்றையும் சொன்னாள். காலி பண்ணுகிற பேச்சை இருவருமே எடுக்கவில்லை. எழுந்தபோது செல்லக்கிளியம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இதையும் எழுதிடாதடி."

"எழுத மாட்டேங்க."

அந்த வாரம் அவள் மூட்டைப்பூச்சியைப் பற்றி எழுதி அனுப்பினாள். அதுவும் அச்சாகத்தான் செய்தது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே அவள் கிணற்றடிக்குப் போய், ராட்டினத்திலிருந்து கயிற்றை உருவிச் சுருட்டினாள். உனக்கென்ன பைத்தியமா என்று பக்கத்துப் போர்ஷன்காரி சத்தம் போட்டாள். லூர்துராணி காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கயிற்றை முன்கட்டுக்குக் கொண்டுபோய் அதன் பழைய ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள். சாயங்காலம் கதவைத் தட்டி, கயிறு வேணும்ங்க என்று கேட்டாள். அவள் வீட்டில் குடங்கள் எல்லாம் நிறைந்திருந்தன.