எண்பத்திரண்டு கிலோ ஆளுக்குச் செய்த பைக்

பைக்கில் ஏதோ கோளாறு என்று சிலுவைராஜ் ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கோளாறு பைக்கில் இல்லை, அவனிடம்தான் என்பது அவன் மனைவி ஜெஸ்னாவுக்கு மூன்றாம் மாதமே தெரிந்துபோயிற்று. ஆனால் சொன்னால் கேட்கிற ஆளா அது? மனுஷன் இரண்டு காதையும் கழற்றி டூல்பாக்ஸில் போட்டுப் பூட்டிவிட்டல்லவா உட்கார்ந்திருந்தான்!

பைக் என்றதும் மோட்டார் வைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். மிதிக்கிற சைக்கிள்தான். ஆனால் அவன் எதிரில் அதைச் சைக்கிள் என்று சொன்னவருக்கு எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் இருந்த அந்த வீட்டில் டீ கிடைக்காது. குலுக்கலைத் தாங்க முன்னால் ஒரு ஷாக், பின்னால் ஒரு ஷாக், மலை இறங்குவதற்கென்றே செய்தது. வெளிநாட்டில் மூன்றே பேர் வேலை பார்க்கிற பட்டறை ஒன்றில், வாங்குகிறவரின் உயரம், எடை, கை நீளம் எல்லாம் கேட்டு ஒவ்வொன்றாகச் செய்து அனுப்புகிறார்கள். எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை பார்த்துக்கொண்டே, லீவு நாளில் டூரிஸ்ட்டுகளைத் தேயிலைக்காடு வழியாகக் காந்தலூர் பழத்தோட்டம் வரை சைக்கிளில் கூட்டிப்போய், ஆறு வருஷம் சேர்த்து அதை வாங்கினான். எடை எண்பத்திரண்டு என்று எழுதியனுப்பினான். பின்ஷாக்கை அந்த எடைக்கென்றே பக்குவம் பண்ணி அனுப்பியிருந்தார்கள்.

வந்த பிறகும் சும்மா விட்டானா? தேயிலைச் செடிக்கு நடுவே நுழைய ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் ஒரு விரல்கடை அறுத்தான். முன்பிரேக்கை இடது கையில் வைத்திருந்தார்கள் வெள்ளைக்காரர்கள். அதை வலது கைக்கு மாற்றினான். ஃபேக்டரியில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட்டை வெட்டி மட்கார்டு செய்தான். முன்னறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் போர்வை போர்த்தி நிறுத்தினான். விருந்தாளி வந்தால் கட்டிலில் உட்கார வேண்டும். பைக் இடம் மாறாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஒரு சடங்கு உண்டு. ஜெஸ்னா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, அவன் சீட்டில் ஏறி அசையாமல் உட்காருவான். ஷாக் அமுங்கும். அதன் தண்டில் ஒரு ரப்பர் வளையம். ஷாக் எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு தூரம் அது நகர்ந்து நிற்கும். தண்டில் தான் போட்டு வைத்த கோட்டில் வளையம் நிற்க வேண்டும் என்பது அவன் கணக்கு. பிப்ரவரியில் அது கோட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. "ஷாக் இறுகுது" என்றான். ஷாக்குக்குள் அடைத்த காற்றைக் கொஞ்சம் இறக்கினான், கோட்டுக்கு வந்தது. மார்ச்சில் மறுபடி எட்டவில்லை, மறுபடி இறக்கினான். குளிருக்கு எண்ணெய் கட்டிப்படுகிறது என்றான். சித்திரை வெயிலிலும் அதையே சொன்னான்.

ஷாக்கைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு வேலந்தாவளத்துக்குப் பஸ் ஏறினான். உடுமலை, பொள்ளாச்சி என்று மாறி மாறிப் போய், மாட்டுச் சந்தைக் கூட்டத்தில் இடிபட்டு இறங்க வேண்டும். அங்கே ஈஸ்வரன் என்றொரு மெக்கானிக் இந்த மாதிரி ஷாக் மட்டும் பார்க்கிறான். எண்ணெய் மாற்றினான், சீல் மாற்றினான். மூன்று தடவை போயாயிற்று.

ஜெஸ்னாவின் வேலை தேயிலைக் கொழுந்து நிறுக்கிற ஷெட்டில். பன்னிரண்டு வருஷமாகத் தராசு பக்கத்தில் நிற்கிறவள். சாக்கைத் தூக்கும்போதே கிலோவைச் சொல்லிவிடுவாள். அவளுக்கா புருஷன் இளைப்பது தெரியாது? குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். சாப்பிட்டுக் கை காய்வதற்குள் பசிக்கிறது என்றான். லயத்தில் எல்லாரும் "பைக் மிதிச்சு ஆளு எப்படி ஆயிட்டான் பாரு" என்று மெச்சினார்கள். அவள் அண்ணன் சூசையப்பனையும் இப்படித்தான் மெச்சினார்கள். அவனும் தண்ணீர் தண்ணீர் என்று குடித்தான். ஒரு நாள் காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. சர்க்கரை என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. இவனையும் அப்படித் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்குமோ என்று பயந்து ஜெஸ்னா அவனிடம் சொன்னாள்:

"ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஒரு சொட்டு ரத்தம் எடுப்பாங்க, அவ்வளவுதான்."

"நல்லா இருக்கிறவன ஏன்டி நோயாளி ஆக்குத? மொதல்ல ஷாக்கைப் பாப்போம்."

அவள் ஈஸ்வரனுக்கு ஃபோன் போட்டாள்.

"அக்கா, ஷாக்குல ஒரு குத்தமும் இல்லீங்க" என்றான் அவன். "மூணு தடவை பிரிச்சுப் பாத்துட்டனுங்க. அவரு சொல்ற அளவைப் பாத்தா, பதினஞ்சு கிலோ கம்மியான ஆளு உக்காந்தா எப்படி அமுங்குமோ, அப்படித்தானுங்க அமுங்குது."

"இத அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னனுங்க. என் வேலை எனக்குத் தெரியாதான்னு கோவிச்சுட்டு ஃபோனை வெச்சுட்டாருங்க."

ஜெஸ்னா அன்று ராத்திரி முழுக்க யோசித்தாள். மனுஷர் சொன்னால் நம்பாதவன், இயந்திரம் சொன்னால் நம்புவான். மறுநாள் மத்தியானம் ஃபேக்டரிக்கு ஆள் அனுப்பினாள்: தராசு தப்புக் காட்டுகிறது, ஃபிட்டர் வரவும்.

சிலுவைராஜ் ஸ்பேனரோடு வந்தான். தராசுக்கு மூன்று இரும்புக் கால், நடுவே கொக்கி, மேலே எண் ஓடுகிற பெட்டி. சாக்கு மூட்டைகளோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

"எவ்வளவு தப்பு காட்டுது?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

"எடை தெரிஞ்ச பொருள் ஒண்ணு வேணுமே" என்று சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு சிரித்தான். "நான் இருக்கேன்லா, எண்பத்திரண்டு. என்னையே தொங்க விட்டுப் பாத்திருவோம்."

அவள் ஒதுங்கிக் கொக்கிக்கு வழிவிட்டாள். அவன் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துக் காலை மடக்கித் தொங்கினான். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். எண் ஓடி நின்றது. அறுபத்தாறு புள்ளி நான்கு.

"சாக்குக் கழிவு ரெண்டு போக அறுபத்தி நாலுன்னு எழுது ஜெஸ்னா!" என்று கத்தினாள் சுருளியம்மாள். ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்து எழுதியே தன் கொழுந்தில் பாதி போகிறது என்று தினமும் சண்டை பிடிக்கிறவள் அவள்.

சிலுவைராஜ் இறங்கி எண்ணைப் பார்த்தான். "பாத்தியா, எவ்வளவு குறைச்சுக் காட்டுது! இந்தத் தராசை நம்பியா இத்தனை பேருக்குக் கூலி போடுதீங்க?"

மூலையில் பிரிக்காத யூரியா மூட்டை கிடந்தது. நாற்பத்தைந்து கிலோ என்று மேலேயே அச்சடித்திருக்கும். ஜெஸ்னாவும் சுருளியம்மாளும் அதை இழுத்து வந்து கொக்கியில் மாட்டினார்கள். எண் ஓடியது. நாற்பத்தைந்து புள்ளி ஒன்று.

சிரிப்பு நின்றுவிட்டது. அவன் மூட்டையையும் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தான். மூட்டையை இறக்கி, மாட்டி, இன்னொரு தடவை பார்த்தான். தராசில் குற்றமில்லை.

"அப்போ ஷாக் நல்லாத்தான் இருக்கு" என்றான் மெதுவாக.

ஜெஸ்னாவுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ! கல்யாணமான நாளிலிருந்து அவனை நீங்க என்று மட்டுமே அழைத்தவள், அத்தனை பேர் முன்னால் அதை விட்டுவிட்டாள்.

"உனக்கு வெட்கமா இல்லையா? அதுக்குக் காத்து கூடிப்போச்சுன்னு மூணு பஸ் மாறி வேலந்தாவளம் போன. நீ பாதியாப் போயிருக்க, ரெண்டு கிலோமீட்டர் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்குத. எங்கண்ணனத் தூக்கிக் குழியில வச்சாச்சு. உன்னையும் வைக்கச் சொல்லுதியா? எனக்குப் பயமா இருக்குய்யா!"

அவன் அந்த யூரியா மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டான். ஸ்பேனரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தான்.

"தெரியும்டி" என்றான். "ஏப்ரல்லயே தெரியும். ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்குப் போறவனுக்குத் தெரியாதா? பைக்குல கோளாறுன்னா பிரிச்சுப் போட்டு, பார்ட்ஸ் மாத்தி, திரும்பப் பூட்டிரலாம்லா. என்னைய எங்க கொண்டுபோய்ப் பிரிக்க?"

சுருளியம்மாள்தான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கொழுந்து ஏற்ற வந்த டிராக்டர்க்காரனை அதட்டினாள்: மூட்டை காத்திருக்கட்டும், முதலில் இவர்களை ஏற்று.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டின்சி விரல் நுனியில் குத்தி, மெஷினைப் பார்த்து, இன்னொரு விரலிலும் குத்தினாள். சர்க்கரை நானூற்று எழுபத்திரண்டு. டாக்டர் வந்தார். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் நினைவில்லாமல்தான் கொண்டுவந்திருப்பீர்கள், இப்போது ஊசி போட்டுப் பிழைக்க வைக்கலாம், ஆனால் ஆயுசுக்கும் விடக்கூடாது என்றார். மலையாளத்தில் பாதி, தமிழில் பாதி. பிழைக்க வைக்கலாம் என்ற சொல் மட்டும் ஜெஸ்னாவுக்குக் கேட்டது.

டின்சி அட்மிஷன் தாளோடு வந்தாள். பெயர் கேட்டாள், வயது கேட்டாள். கேட்டதற்கெல்லாம் ஜெஸ்னாவே பதில் சொன்னாள்.

"வெயிட்?"

ஜெஸ்னா சொல்ல வாயெடுத்தாள். சிலுவைராஜ் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான்.

"அறுபத்தாறு" என்றான். "அறுபத்தாறு புள்ளி நாலு. எழுதிக்கோங்க சிஸ்டர்."

டின்சி எழுதி முடிக்கிற வரை தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஜெஸ்னாவின் கையை விடாமலே, பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டு அழுதான்.